உண்டியலா டிக்கட்டா: லயன் எரிந்த குடும்பங்களுக்குப் பாட்டு நாடகம் போட்டுப் பணம் சேர்ப்பது

கேள்வி இதுதான்: "இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். மார்கழியில் பஜனை பாடுவோம், திருவிழாவுக்கு நாடகம் போடுவோம். பக்கத்து டிவிசனில் (தோட்டப் பிரிவில்) லயன் ஒன்று (லயம் என்றும் சொல்வோம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எரிந்து, பன்னிரண்டு குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் தங்கியிருக்கின்றன. டவுனில் மண்டபம் எடுத்து, கலைநிகழ்ச்சி போட்டு, டிக்கட் விற்றுக் காசு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எப்படிச் செய்வது?"

தம்பி, டிக்கட் யோசனையையும் மண்டப யோசனையையும் முதலில் ஓரமாக வையுங்கள். நான் இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறவன். அந்த இரண்டையும் செய்துதான் முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். மண்டப வாடகை, சவுண்ட், லைட், நோட்டீஸ், ஆட்களை ஏற்றி இறக்க லொறி என்று எல்லாம் போக, டிக்கட்டில் வந்த காசு செலவுக்கே போதவில்லை. நாலு பேர் சம்பளத்திலிருந்து போட்டுக் கடனைக் கட்டினோம். யாருக்காகப் போட்டோமோ அந்தப் பிள்ளைக்கு ஒரு சதமும் போகவில்லை. அவளுடைய அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

டிக்கட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கணக்கு போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பர் தீர்மானத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கையே எடுங்கள். ஆளுக்கு 200 ரூபாய் டிக்கட் என்றால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 800. பாதி நாளைக்கு மேல் கொழுந்து பறித்த காசு அது. கொடுக்க முடியாத வீட்டுக்காரர் வெளியில் சொல்லமாட்டார், தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். அதே ஆள் உண்டியலைக் கண்டால் நூறு ரூபாயாவது மடித்துப் போடுவார், போட்டதை யாருக்கும் காட்டவும் மாட்டார்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. காமன் கூத்தில் என்ன நடக்கிறது? மாசி வளர்பிறையில் காமன் கம்பம் நட்டபிறகு ரதியும் மதனும் வேஷம் கட்டிக்கொண்டு தப்பு மேளத்தோடு லயம் லயமாக வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஒரு ஆட்டம், ஒரு பாட்டு. வீட்டுக்காரர் தட்டில் அரிசி, தேங்காய், காசு வைக்கிறார். அதில்தான் கூத்துச் செலவு ஓடுகிறது. காமன் எரிகிற தகனம் நடக்கும் பௌர்ணமி ராத்திரிக்கு யாரும் டிக்கட் கேட்பதில்லை. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் இதே மாதிரி ஊர்க்காசில் நடப்பவைதான். மார்கழியில் விடியற்காலை பஜனை, வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடுகள் உள்ள தோட்டத்தில் டிசம்பர் கடைசியில் ராத்திரி கரோல். அந்த ஒரு வாரம் லயத்து நாய்களுக்குத்தான் தூக்கமே கிடையாது. ஆக, ஆட்டம் ஆளைத் தேடி வருவதும், ஆள் மனமிருந்தால் கொடுப்பதும் நம் சனங்களுக்குப் பழகிய முறை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த முறையை எரிந்த லயத்துக்காக ஒரு மாதம் கடன் வாங்குவதுதான்.

பாட்டை வைத்து ஆட்களைச் சேர்ப்பதற்கும் இந்த மலையில் பழைய கதை ஒன்று உண்டு. 1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்தியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் முதலில் எழுந்து பாடுவார். பாரதி பாட்டும் பாடுவார், தொழிலாளர் நிலையைப் பற்றித் தானே கட்டிய பாட்டும் பாடுவார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டுப் பாடினால், எழுத்துத் தெரியாதவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் பதினான்கு பேரும் அதையே செய்யலாம். தெம்மாங்கு மெட்டில் நாலு அடி, எரிந்த ராத்திரியைப் பற்றி. அழவைக்க வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு டிவிசன் இருக்கும். ஒரு மாலைக்கு ஒரு டிவிசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல், பொம்பளைகள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து முடித்த நேரம். மேல் லயத்திலிருந்து பாடிக்கொண்டே இறங்குங்கள். ஒவ்வொரு லயத்திலும் மூன்று பாட்டு, அவ்வளவுதான். கடைசியில் கோயில் முற்றத்திலோ பெரட்டுக்களத்திலோ (காலையில் வேலை பிரிக்கிற இடம்) இருபது நிமிட நாடகம். மழை வந்தால் கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) இருக்கிறது, கூரையும் உண்டு, முன்னால் இடமும் உண்டு. துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வையுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கு லீவில் போய்விட்டால், காவல்காரர் உங்களை உள்ளே விடமாட்டார்.

இந்தச் சுற்றில் பெரிய காசு சேராது, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சனங்களிடமிருந்து அவர்களைப் போலவே உள்ள சனங்களுக்குக் காசு திரட்டுகிறோம். அதைக் கசக்கிப் பிழியக் கூடாது. கோயிலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் சாவுச் செலவுக்கு உதவுகிற மரணாதார சங்கத்துக்கும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். லயச் சுற்றின் உண்மையான பயன் வேறு. அதில் உங்கள் பாட்டு பழகும், பேச்சு பரவும், கொழும்பில் கடையில் நிற்கிற பையனுக்கும் குவைத்தில் வீட்டுவேலை செய்கிற அக்காவுக்கும் செய்தி போகும். மூன்று நிமிட வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் விட்டால் பெரிய காசு அங்கிருந்துதான் வரும். அதற்கு வங்கியில் மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்று முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். ஒரு ஆளின் சொந்தக் கணக்கு இலக்கத்தை வீடியோவில் போட்டீர்களோ, அன்றைக்கே சந்தேகமும் கூடவே கிளம்பிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டைக் கரோக்கே போட்டுப் பாடி யூடியூபில் ஏற்றினால், உரிமைக்காரர்கள் சத்தத்தை அடைத்துவிடலாம். நம் நாட்டுப்புறப் பாட்டுக்கோ பாரதி பாட்டுக்கோ நீங்களே தப்பும் ஆர்மோனியமும் வைத்துப் பாடினால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது இடம் டவுன். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ சாமான் வாங்க எல்லாத் தோட்டத்து ஆட்களும் இறங்குவார்கள். கடை முதலாளிமார் நம் சனங்களின் காசில்தான் வாழ்கிறார்கள், அவர்களிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் அவர்களிடம் உண்டியலை நீட்டாதீர்கள், செலவை ஏற்கச் சொல்லுங்கள். ஒருவர் சவுண்ட் வாடகை, ஒருவர் நோட்டீஸ், ஒருவர் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் வடையும். இப்படிச் செலவு முழுவதையும் வெளியில் முடித்துவிட்டால், உண்டியலில் விழுகிற ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்குத்தான் என்று மேடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். இந்த ஒரு வரியைச் சொல்ல முடிகிற நிகழ்ச்சிக்கும் முடியாத நிகழ்ச்சிக்கும் உண்டியலில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாள் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். உங்கள் பக்கம் தென்மேற்கு மழை. மே பிறந்தால் செப்டெம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை குளிர் கடிக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றால் கதையே வேறு. அங்கே வருடக் கடைசியில் மழை, ஜூலை ஆகஸ்டில் காய்ந்த காற்று. ஏப்ரல் மே மாதங்களில் கொழுந்து குவியும், ஆட்களுக்கு உடம்பில் தெம்பு இருக்காது. மாதத்தில் எந்த நாள் என்று கேட்டால், சம்பளம் போட்ட பிறகு வருகிற போயா நாள். அன்றைக்கு எல்லாருக்கும் லீவு. சாராயக் கடை பூட்டியிருக்கும் (முதல் நாளே வாங்கி வைக்கிறவர்களைப் பற்றி நான் என்ன செய்ய?). எல்லாவற்றுக்கும் மேலாக, அது பௌர்ணமி. மேல் டிவிசனுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்புகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் பெரிய உதவி. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற காலத்தில் இதைச் சும்மா நினைக்காதீர்கள். வெசாக், பொசன் போயாக்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவை பௌத்தர்களின் பெரிய திருநாட்கள், ஊரே வேறு காரியத்தில் இருக்கும்.

பாட்டைத் தெரிவு செய்யும்போது ஒரு விஷயத்தைப் பாருங்கள். பாடுகிறவர் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற பாட்டு வேறு, கூட்டம் சேர்ந்து பாடுகிற பாட்டு வேறு. சினிமாவில் உச்சத்துக்குப் போகிற பாட்டை உங்கள் பையன் பாடினால் கைதட்டுவார்கள், ஆனால் வாய் திறக்கமாட்டார்கள். பஜனையில் ஏன் ஐம்பது வயது ஆயாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து பாடுகிறார்கள்? ஒருவர் ஒரு அடியைச் சொல்ல மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அடி சின்னது, சுருதி நடுவில். அதே வடிவத்தை எடுங்கள். ஆண்களுக்கு வசதியான சுருதி பொம்பளைகளுக்குக் கீழே போய்விடும், அதனால் ஒத்திகையில் பொம்பளைகள் பாடிப் பார்த்துச் சுருதியை வையுங்கள், அவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் பாடுவார்கள். இடையில் ஒரு கும்மி வையுங்கள். கும்மிக்கு எழுந்து வந்த கிழவிகள் திரும்பிப் போகும்போது உண்டியல் பக்கமாகத்தான் போவார்கள், உண்டியலை அந்தப் பாதையில் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

நாடகத்துக்கு இருபது நிமிடம், இருபத்தைந்து போனால் அதிகம். திரை, செட் எதுவும் வேண்டாம். லயன் எரிவதைத் தத்ரூபமாக நடித்துக் காட்டலாம் என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். எரிந்த வீட்டுப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்கும். நான் ஒருமுறை அப்படி ஒரு காட்சி வைத்தேன், ஒரு சின்னப் பையன் கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். அதற்குப் பிறகு சோகத்தை மேடையில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சிரிக்க வையுங்கள். கங்காணி, கணக்குப்பிள்ளை, பாதி நாள் பெயர் (அரைநாள் சம்பளம்) போட்ட சண்டை, புது மருமகளுக்குக் கொழுந்து பறிக்கப் பழக்கிக் கொடுக்கும் மாமியார், இதெல்லாம் எந்தக் காலத்திலும் ஓடும். வேண்டுமானால் கரண்ட் வயரைப் பற்றி ஒரு காட்சி வையுங்கள், பழைய லயத்தில் ஒரு பிளக்கில் ஐந்து சாமான் சொருகுகிற வீடு ஒன்று. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் வயரைப் பார்ப்பார்கள்.

பெண் பிள்ளைகள் வருகிறார்களா? காமன் கூத்தில் ரதி வேஷமே வழக்கமாக ஆண்கள்தான் கட்டுவது, அதனால் "நம்ம பிள்ளை மேடையேறுவதா" என்கிற பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. நான் கண்ட வழி, ஒத்திகையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) வைப்பது, எட்டு மணிக்கு முடிப்பது, ஒவ்வொரு லயத்துப் பிள்ளைகளையும் கூட்டமாகவே கொண்டுபோய் விடுவது. முதல் வாரம் அம்மாமார் ஒன்றிரண்டு பேரைச் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் அவர்களே பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை எங்கள் குழுவில் நன்றாகப் பாடியவர் பிள்ளை அல்ல, கூட வந்த அம்மாதான்.

தப்புக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. இது தொண்டு வேலை, எல்லாரும் சும்மாதான் செய்கிறோம் என்று சொல்லி அவரையும் சும்மா அடிக்கச் சொல்வார்கள். உங்களுக்குப் பகலில் வேறு சம்பளம் இருக்கிறது, அவர்களில் பலருக்குத் தப்பு அடிப்பதும் ஒரு வருமானம். ஒரு ராத்திரி உங்களோடு வந்தால் ஒரு சாவு வீட்டையோ கோயிலையோ விட்டுவிட்டு வருகிறார். அவருக்குக் கூலியை முதலாளி ஒருவரிடம் வாங்கிக் கொடுங்கள். அவராகவே வேண்டாம் என்றால் சந்தோஷம், ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாக உட்கார வைக்கிற பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால், அந்த இடத்தில் நிகழ்ச்சி போடாமல் இருப்பதே மேல்.

பிரதம அதிதி (சிறப்பு விருந்தினர்) வேண்டாம். மன்னிக்கவும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிரதம அதிதி என்றால் மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, அவர் உரை. ஐந்து மணி நிகழ்ச்சிக்கு ஏழரைக்கு வருவார், குளிரில் பிள்ளைகள் பவுடர் பூசிக்கொண்டு நடுங்குவார்கள். ஒரு சங்கத்துக்காரரைக் கூப்பிட்டால் அடுத்த சங்கத்துத் தலைவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார். பாதி உண்டியல் அங்கேயே போயிற்று. எல்லாத் தலைவர்மாரையும் ஒரே வரிசையில் பாயில் உட்கார வையுங்கள், மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

அனுமதி விஷயம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளையின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, ஆகவே ஒன்பதரைக்கே முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். அதற்கு மேல் ஆட்டம் போக வேண்டுமென்றால் மைக்கை அணைத்துவிட்டுத் தொண்டையை நம்புங்கள். மண்டபத்தில் டிக்கட் போட்டு நாடகம் நடத்துவதாக இருந்தால், பிரதியைப் பார்த்து அனுமதி தருகிற அரசு சபை ஒன்று கொழும்பில் இருக்கிறது, 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. டிக்கட்டுக்குக் கேளிக்கை வரியும் உண்டு, அதை நகர சபையோ பிரதேச சபையோதான் வசூலிக்கும். டிக்கட்டை விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கிராம சேவகரிடம் எரிந்த குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி வையுங்கள், யாருக்குக் கொடுப்பது என்பதில் பின்னால் சண்டை வராது.

உண்டியல் மூடிய பெட்டியாக இருக்கட்டும், பூட்டின் சாவி கோயில் கமிட்டியில் ஒருவரிடம். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் கலையுமுன் மேடையிலேயே கொட்டி எண்ணுங்கள். எண்ணுகிறவர்கள் மூன்று பேர், மூன்று வேறு லயத்திலிருந்து. தொகையை அப்போதே மைக்கில் வாசியுங்கள், கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் காலை கொழுந்து மடுவத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, செலவைக் கொடுத்தவர் இன்னார். இருபது ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அதையும் எழுதுங்கள். இந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த முறை காசு போடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எரிந்த முதல் வாரத்தில் அரிசியும் பழைய உடுப்பும் வந்து குவியும். கோயில் மண்டபத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மூன்றாவது மாதம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், ஆனால் குடும்பங்கள் அங்கேயேதான் இருக்கும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது நாடே திரண்டு உதவியது, ஆனாலும் அந்தச் சனங்களுக்குப் புது வீடு கைக்கு வர இரண்டு வருடம் போல ஆயிற்று. ஆகவே அவசரப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நிகழ்ச்சி போடாதீர்கள். ஒன்றரை மாதம் நன்றாக ஒத்திகை பாருங்கள், அந்தக் காசு அப்போதுதான் உதவும்.

எதற்கு உதவும் என்றால், முதலில் கடதாசிகளுக்கு. அடையாள அட்டை எரிந்திருக்கும், பிறப்புச் சான்றிதழ் எரிந்திருக்கும். பொலிசில் முறைப்பாடு, கிராம சேவகர் கையெழுத்து, பிரதேச செயலகம் என்று அலைய வேண்டும், ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் பெயர் போகும், பஸ் காசும் போகும். பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கும், ஆனால் பை, கொப்பி, கணிதப் பெட்டி? பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும்? குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று சமமாகப் பிரித்துக் கையில் கொடுங்கள், என்ன வாங்குவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொடுக்கும்போது மேடைக்குக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். இரண்டு பேர் சாயங்காலம் நடந்து போய், உறையைக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் இருக்கிறாரா, எத்தனை பேர் பெண்கள், எந்தெந்த டிவிசனுக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பாட்டு வரிசை போட்டுத் தருகிறேன். மாசி வளர்பிறையில் மட்டும் நாள் வைக்காதீர்கள், அந்தப் பதினைந்து நாளும் ஒரு தப்புக்காரரும் உங்கள் கைக்குச் சிக்கமாட்டார்.